தாத்தாவின் வேட்டைத் தட்டி

கேள்வி: வாசுதேவநல்லூரில் மலையடிவாரத்தை ஒட்டி எங்களுக்கு எலுமிச்சைத் தோட்டம் இருக்கிறது, பக்கத்திலேயே குளம். 1960-களில் தாத்தா கொக்கும் சிறகியும் சுட ஓலைத்தட்டி கட்டி உட்கார்ந்த அதே வரப்போரத்தில், பறவைகளைப் படமெடுக்க நானும் ஒரு மறைப்பு கட்டினேன். ஒரு வருஷத்தில் ஓலை உளுத்துவிட்டது, மேலே போர்த்திய பச்சைத் துணி வெளுத்துவிட்டது. பிரித்துப் புதிதாகக் கட்டினால் பறவைகள் பல நாள் அண்டுவதில்லை. எப்படிப் பராமரிப்பது?

பதில்: பறவைகளுக்கு மறைப்பு பழகிவிடும், மாற்றம்தான் பழகாது. அதனால் மொத்தமாகப் பிரிக்காதீர்கள்.

கிடுகின் ஆயுளே ஏறக்குறைய ஒரு வருஷம்தான். பெரிய வேலையைக் குளம் வற்றிக் கிடக்கும் ஆவணி, புரட்டாசியிலேயே முடித்துவிடுங்கள். ஐப்பசி மழையில் தண்ணீர் ஏறி, வலசைப் பறவைகள் வரும்போது மறைப்பு பழைய பொருளாக நிற்க வேண்டும். அதன் பிறகு பழுது தெரிந்தால், பறவை குறைந்த உச்சிவேளையில் ஒரு கிடுகை மட்டும் மாற்றுங்கள்.

கரையான் மண்ணிலிருந்துதான் ஏறும். கால்களைக் கல்லின்மேல் நிறுத்துங்கள். கிடுகின் அடி தரையிலிருந்து நாலு விரல் எழும்பி இருக்கட்டும். துணியை வெளியே போர்த்த வேண்டாம், உள்பக்கம் கட்டுங்கள். வெயில் தின்னாது, காற்றில் படபடக்காது, ஓலை இடுக்கில் உங்கள் நிழலும் தெரியாது. அழுக்கானால் வெறும் தண்ணீரில் அலசுங்கள். சலவைத்தூளில் வெண்மைக்காகச் சேர்க்கும் பொருள் வெயிலில் துணியை மினுங்கச் செய்யும்.

உள்ளே போகுமுன் கம்பால் தட்டிப் பாருங்கள். நிழலும் ஈரமும் உள்ள இடம் விரியனுக்கும் தேளுக்கும் பிடிக்கும். கூரை மூலையில் குளவிக்கூடு இருக்கலாம். சாப்பாட்டு மிச்சத்தை விட்டுவிட்டு வந்தால் எலி வரும், எலிக்குப் பின்னால் பாம்பு வரும். பொழுது சாய்ந்தபின் அங்கே இருக்கவே வேண்டாம். அடிவாரத் தோட்டங்களுக்கு யானையும் பன்றியும் இறங்கும் நேரம் அது. அவற்றுக்கு ஓலைத்தட்டி ஒரு தடையே இல்லை.

கடைசியாக, நல்ல படத்துக்கு ஆசைப்பட்டு மறைப்பைக் கூடுள்ள மரத்தருகே நகர்த்தாதீர்கள். 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் ‘வேட்டை’ என்பதற்குத் தரும் விளக்கத்தில், காட்டுப் பறவையின் கூட்டையோ முட்டையையோ கலைப்பதும் அடங்கும். தாத்தாவிடம் துப்பாக்கி இருந்தது. அது இல்லாமலே நீங்கள் வேட்டைக்காரராகிவிடக் கூடாது.