திருடனைத் தடுக்குமா எச்சரிக்கைப் பலகை?

மீமிசல் கடைவீதி கிழக்குக் கடற்கரைச் சாலையில் இருக்கிறது. இரவிலும் வெளியூர் வண்டிகள் வந்துபோகும். 'கேமரா கண்காணிப்பில் உள்ளது' என்ற பலகை, எளிதான கடையைத் தேடி வருபவனை யோசிக்க வைக்கும். ஆனால் பலகை மட்டும் போதாது.

2019 அக்டோபர் 2 அதிகாலை, திருச்சி சத்திரம் பேருந்து நிலையம் அருகே ஒரு பெரிய நகைக்கடையில் கேமராவும் இருந்தது, காவலாளிகளும் இருந்தார்கள். திருடர்களோ பின்சுவரைத் துளைத்து, முகமூடி அணிந்து புகுந்து, பல கோடி ரூபாய் நகைகளை அள்ளிச் சென்றார்கள்.

வணிகர்கள் கவனிக்க வேண்டியவை:

1. பலகை முன் ஷட்டரில் மட்டுமல்ல, பின்கதவிலும் சந்துப் பக்கச் சுவரிலும் இருக்கட்டும். மேலே ஒரு விளக்கு எரியட்டும்.

2. கேமரா இல்லாமல் பலகை மட்டும் மாட்டாதீர்கள். பகலில் சாமான் வாங்குவதுபோல் வந்து நோட்டம் பார்ப்பவனுக்கு உண்மை தெரிந்துவிடும்.

3. கடற்காற்றில் தகரம் துருப்பிடிக்கும். எழுத்து மங்கிய பலகை, 'கவனிக்க ஆளில்லை' என்றே சொல்லும். மங்கியதும் புதிதாக எழுதுங்கள்.

4. 'இரவில் கல்லாவில் பணம் வைப்பதில்லை' என்று எழுதுங்கள், அப்படியே நடந்துகொள்ளுங்கள்.

கடனுக்கு எடுத்த சரக்கு களவு போனாலும், மொத்த வியாபாரிக்கு நாம்தான் பதில் சொல்ல வேண்டும். இன்றிரவு கடை அடைக்குமுன் பின்சுவரை ஒருமுறை சுற்றிப் பாருங்கள்.