எழுத்துக் கணக்கும் போடும் கால்குலேட்டர்

புதுச்சேரியில் பிரெஞ்சுப் பாடத்திட்டத்தில் படிக்கும் என் அக்காள் மகளின் கையில் எப்போதும் ஒரு கிராஃபிக் கால்குலேட்டர் இருக்கும். லாகரிதம் அட்டவணையைப் புரட்டிப் படித்த எனக்கு அது பெரிய வியப்பு.

சாதாரண கால்குலேட்டரில் √8 + √2 என்று கொடுத்தால் 4.242640687 என வரும். இயற்கணிதம் தெரிந்த கால்குலேட்டரோ 3√2 என்று காட்டும். எப்படி? நாம் தரும் கோவையை எண், எழுத்து, குறி எனத் தனித்தனியாகப் பிரித்து, கிளைவிட்ட மரம்போல் நினைவகத்தில் வைத்துக்கொள்கிறது. பிறகு கணித விதிப்படி அதை மாற்றி எழுதுகிறது.

1985ல் வந்த கேசியோ எஃப்எக்ஸ்-7000ஜி வரைபடம் மட்டுமே போட்டது. 1987ல் ஹெச்பி-28சி எழுத்துக் கணக்கையும் கைக்கருவிக்குள் கொண்டுவந்தது. 1995ல் டெரைவ் மென்பொருளின் துணையுடன் டிஐ-92 வந்தது. பிரான்சின் கிரெனோபிள் நகரக் கணிதவியலாளர் பெர்னார் பாரீஸ் உருவாக்கிய ஜியாக் என்ற நிரல்தான் 2013ல் வெளியான ஹெச்பி பிரைமில் இயங்குகிறது.

இந்தக் கருவியை வாங்க வேண்டுமே என்று கவலைப்படாதீர்கள். அதே ஜியாக், எக்ஸ்காஸ் என்ற பெயரில் கம்ப்யூட்டருக்கு இலவசமாகக் கிடைக்கிறது. விண்டோஸ், லினக்ஸ் இரண்டிலும் இயங்கும். அதைத் திறந்து, ஃபேக்டர் என்ற கட்டளையை ஆங்கிலத்தில் டைப் செய்து, அடைப்புக்குறிக்குள் க² − 5க + 6 எனக் கொடுத்து என்டர் தட்டுங்கள். (க−3)(க−2) என விடை வரும். 'க' என்று நான் எழுதிய இடத்தில் நீங்கள் எக்ஸ் எழுத்தைப் பயன்படுத்துங்கள். 5க்கும் எழுத்துக்கும் இடையே பெருக்கல் குறி இடுவது நல்லது.

அடுத்து, நார்மல் என்ற கட்டளைக்குள் (க²−4)/(க−2) எனக் கொடுங்கள். க+2 என்று வரும். இங்கேதான் நாங்கள் ஏமாந்தோம். க-வின் மதிப்பு 2 என்றால் விடை என்ன என்று ஒரு பயிற்சித் தேர்வில் கேட்டிருந்தார்கள். அவள் 4 என்று எழுதினாள். முந்தின நாள், "கருவி சொன்னால் சரிதான்" என்று தலையாட்டியவன் நான்தான். க = 2 ஆனால் கீழே சுழியம் வருகிறது; சுழியத்தால் வகுக்க முடியாது. அந்தக் கோவைக்கு அங்கே மதிப்பே இல்லை. சுருக்கும்போது கருவி இதை எச்சரிக்கவில்லை.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் ஒரு வழக்கம்: முதலில் தாளில் போட வேண்டும், பிறகுதான் எக்ஸ்காஸில் சரிபார்க்க வேண்டும். இரண்டும் ஒத்துவராத இடத்தில்தான் பாடம் இருக்கிறது. நீங்களும் முயன்று பாருங்கள்.