நீர்முகத்தில் ஒரு கட்டடம்: வீடு, வேலை, கூடுமிடம்

கட்டடக்கலை பயிலும் மாணவர் எவருக்கும் ஒருமுறையேனும் தரப்படும் பயிற்சி ஒன்று உண்டு. நீரோரத்தில் ஒரு மனை. அதில் மக்கள் குடியிருக்க வேண்டும், வேலை பார்க்க வேண்டும், ஊராரும் வந்து கூட வேண்டும். மூன்றையும் ஒரே கட்டடத்தில் அமைத்துக் காட்டு என்பார்கள். எனக்கு வந்த மனை காலாங் படுகையின் ஓரத்தில் இருந்தது. அந்தப் பயிற்சியில் கற்றதைப் பிற துறை நண்பர்களுக்கும் புரியும்படி தமிழில் எழுதிப் பார்க்கிறேன். சொற்களுக்கு அதிகம் தவிக்க வேண்டியிருக்கவில்லை. முற்றம், திண்ணை, தாழ்வாரம், படித்துறை எல்லாம் நம்மிடம் ஏற்கெனவே உள்ளவைதாமே!

சிங்கப்பூருக்கு இவ்வகைக் கட்டடம் புதிதன்று. சிங்கப்பூர் ஆற்றின் போட் கீ கரையிலுள்ள கடைவீடுகளைப் பாருங்கள். கீழே கடையும் கிடங்கும், மேலே குடியிருப்பு, முன்னால் ஐந்தடி நடைபாதை. 1822ஆம் ஆண்டு நகரத் திட்டத்திற்காக ராஃபிள்ஸ் தந்த கட்டளையிலேயே வீடுகளின் முன்பக்கம் கூரையிட்ட நடைபாதை இருக்க வேண்டும் என்பது உண்டு. நடைபாதை நிற்கும் நிலம் தனியாருடையது, அதில் நடக்கும் உரிமை எல்லாருடையது. இந்த ஏற்பாட்டை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும். அந்த ஆற்றில் தொடக்க காலத்தில் படகோட்டியவர்களுள் சூலியர் எனப்பட்ட நம்மவரும் இருந்தனர். இன்றும் அருகே சூலியா ஸ்திரீட் இருக்கிறது. 1983இல் சரக்குப் படகுகள் பாசிர் பாஞ்சாங் பக்கம் மாற்றப்பட்டன. கரை அழகானது; ஆனால் நீரில் செய்த வேலை போய்விட்டது.

நான் அதிக நாள் செலவிட்டது கோல்டன் மைல் காம்ப்ளெக்ஸில்தான். பீச் ரோட்டில் 1973இல் கட்டி முடிக்கப்பட்ட 16 மாடிக் கட்டடம் அது. முதலில் அதன் பெயர் வோ ஹப் காம்ப்ளெக்ஸ். வில்லியம் லிம், டே கெங் சூன், கோ சியாவ் சுவான் ஆகியோர் தொடங்கிய டிசைன் பார்ட்னர்ஷிப் நிறுவனம் வடிவமைத்தது. கீழே கடைகள், அவற்றின் மேல் அலுவலகங்கள், உச்சியில் வீடுகள். நிக்கல் நெடுஞ்சாலையில் பேருந்தில் போகும்போது பார்த்தால் படிக்கட்டுபோலப் பின்னோக்கிச் சரிந்து எழும் தளங்கள் தெரியும்.

அந்தச் சரிவு வெறும் அலங்காரமன்று. தளங்கள் ஒன்றன்மேல் ஒன்று நேராக நின்றால், மேல்வீட்டின் தரை கீழ்வீட்டின் வானத்தை மறைத்துவிடும். ஒவ்வொரு தளமும் சற்றுப் பின்வாங்கினால் எல்லா வீட்டுக்கும் திறந்த மாடமும் வானமும் கடலும் கிடைக்கும். நெடுஞ்சாலையின் இரைச்சலிலிருந்தும் மேல்தளங்கள் விலகி நிற்கும். சரிவின் உட்புறம் உண்டாகும் உயர்ந்த வெளி, காற்றும் வெளிச்சமும் இறங்கும் முற்றமாகிறது. கட்டடத்தைக் குறுக்கே வெட்டிப் பார்க்கும் ஒரே வரைபடத்தில் மூன்று சிக்கல்களுக்கு விடை கண்டிருக்கிறார்கள். இதைவிடத் தெளிவான குறுக்குவெட்டு வரைபடத்தை நான் சிங்கப்பூரில் பார்த்ததில்லை. கடைகளுக்கு நடுவே ஓடும் உள்தெருவைப் பக்கத்துக் கட்டடங்கள் வரை நீட்ட வேண்டும் என்பதும் அவர்கள் எண்ணம். அது நடக்கவில்லை.

விலை இல்லாமலா? ஒருவருடைய மாடம் இன்னொருவருடைய கூரை. மேலே நீர்த்தடுப்புப் பூச்சு தேய்ந்தால் கீழே ஒழுகும். செப்பனிடுவது யார் பொறுப்பு என்ற வழக்கும் கூடவே வரும். ஒவ்வொரு பகுதியும் தனித்தனி உரிமையாளர் கையில் இருக்கும்போது பொதுச் செலவுக்கு அனைவரையும் இணங்கவைப்பது எளிதன்று. வீட்டுக்காரர்கள் மாடங்களைத் தகரம், கண்ணாடி என்று தத்தம் விருப்பப்படி அடைத்துக்கொண்டார்கள். 2006இல் நாடாளுமன்ற நியமன உறுப்பினர் ஒருவர் இதனைச் செங்குத்துச் சேரி என்றே வருணித்தார். எனக்கு அந்தச் சொல்லில் உடன்பாடில்லை. மழைச்சாரலும் வெயிலும் நேரே விழும் மாடத்தை அடைக்க மனிதர் முயல்வது இயல்பு. அதற்கு இடங்கொடுத்து முன்கூட்டியே ஒரு சட்டகத்தை அமைத்துக் கொடுத்திருந்தால் எல்லாரும் அதற்குள்ளேயே அடைத்திருப்பார்கள்.

அதே கட்டடத்தின் கீழ்த்தளத்தில்தான் தாய்லாந்து ஊழியர்கள் ஞாயிறுதோறும் கூடினார்கள். ஹாட்யாய்க்குச் செல்லும் பேருந்துகள் அங்கிருந்து புறப்பட்டன. உணவகங்களும் மளிகைக் கடைகளும் அவற்றைச் சுற்றி வளர்ந்தன. வடிவமைத்தவர்கள் யாரும் ‘குட்டித் தாய்லாந்து’ என்று வரைபடத்தில் எழுதவில்லை. சிறிய கடைகள், தாங்கக்கூடிய வாடகை, சாலையோரத்தில் பேருந்து நிற்க இடம், காசு செலவழிக்காமல் உள்ளே நுழைய வழி இருந்தன. கூட்டம் தானாக வந்தது. தேக்காவில் ஞாயிற்றுக்கிழமை மாலை நடந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

என் வரைபடத்துக்கு வருகிறேன். மூன்று முடிவுகளைச் சொன்னால் போதும். முதலாவது, நுழைவாயில்கள். வீடுகளுக்கும் அலுவலகங்களுக்கும் மின்தூக்கிகளைத் தனித்தனியே பிரித்தேன். காலை எட்டரை மணிக்கு அலுவலகக் கூட்டத்தோடு பாட்டியும் பேரனும் நெருக்கியடித்து நிற்கக் கூடாது. ஆனால் வாகன நிறுத்தத்தைப் பிரிக்கவில்லை. பகலில் அலுவலகத்தார் விட்டுச்செல்லும் இடம் இரவில் வீட்டாருக்குப் பயன்படும்.

இரண்டாவது, நீர். 2008இல் மரினா அணைக்கட்டு வந்த பிறகு காலாங் படுகையில் கடல் ஏற்றவற்றம் இல்லை. அது நன்னீர்த் தேக்கத்தின் பகுதி. நீர்மட்டம் பெரிதும் மாறாததால், கோயில் குளத்துப் படித்துறைபோல நீர்வரை இறங்கும் படிகளை வரைய முடிந்தது. பழைய நாளில் அங்கே படி கட்டியிருந்தால் வற்றத்தின்போது சேறுதான் தெரியும். படிகளின் மேற்பகுதிக்குக் கூரையிட்டேன். நம் மழை முன்னறிவித்துவிட்டு வருவதில்லை.

மூன்றாவது, நிலம். நிலவரை வாகன நிறுத்தம் வேண்டாம் என்று முடிவு செய்தேன். படுகையைச் சுற்றியுள்ள மண் மென்மையான கடற்களிமண். 2004 ஏப்ரல் 20இல் எம்ஆர்டி வட்டப் பாதைக்காகத் தோண்டியபோது நிக்கல் நெடுஞ்சாலையின் ஒரு பகுதி இடிந்து நால்வர் உயிரிழந்தது இதே மண்ணில்தான். அங்கே ஆழத் தோண்டவே முடியாது என்பதில்லை. செலவும் கண்காணிப்பும் பன்மடங்கு என்பதுதான் பொருள். வாகனங்களை இரண்டாம், மூன்றாம் தளங்களுக்கு ஏற்றிவிட்டுத் தரைத்தளத்தை நடப்பவர்களுக்கு விட்டேன். ஐந்தடி நடைபாதையின் அதே ஏற்பாடு: உரிமை தனியார், வழி பொது. இரவில் கதவு பூட்டினால் அது பொதுவழியாகாது என்பதால் அந்தத் தளத்தில் கதவே வைக்கவில்லை. குளிர்சாதனம் வேண்டுமே என்று மதிப்பிட வந்தவர்கள் கேட்டார்கள். காற்றாடி போதும் என்றேன். அரை மணிநேரம் வாதம் நடந்தது.

கோல்டன் மைல் காம்ப்ளெக்ஸ் 2021 அக்டோபரில் பாதுகாக்கப்பட்ட கட்டடமாக அரசிதழில் அறிவிக்கப்பட்டது. 2022இல் 70 கோடி வெள்ளிக்கு ஒட்டுமொத்தமாக விற்கப்பட்டது. 2023 மே மாதத்திற்குள் கடைக்காரர்களும் குடியிருந்தோரும் வெளியேறினர். இடிக்காமல் காத்ததற்கு ஈடாகப் பக்கத்திலேயே புதிய கோபுரம் ஒன்று கட்ட அனுமதி கிடைத்தது. பேர்ல் பேங்க் அடுக்குமாடிக்கு நேர்ந்ததை எண்ணும்போது இது நல்ல ஏற்பாடே. ஆயினும் புதிய திட்டத்தில் வீடுகள் அந்தக் கோபுரத்துக்குப் போய்விடுகின்றன. பழைய கட்டடத்தில் அலுவலகங்களும் கடைகளும் மருத்துவக் கூடங்களும் வரும். ஒரே சரிவில் அடுக்கப்பட்டிருந்த வாழ்வும் வேலையும் இனிப் பக்கம்பக்கமாக நிற்கும். இரவு ஒன்பது மணிக்கு அந்தச் சரிந்த மாடங்களில் எத்தனை விளக்குகள் எரிகின்றன என்று, திறந்த பிறகு ஒருநாள் நிக்கல் நெடுஞ்சாலைப் பக்கம் போய் எண்ண வேண்டும்.