வெயில் நகரமும் தூரத்துச் சம்பளமும்

போடியில் விடியும் முன்பே ஜீப்புகள் நிரம்பிவிடும். தூக்குச்சட்டியோடு பெண்கள் ஏறி, போடிமெட்டு வழியாக இடுக்கி ஏலத்தோட்டங்களுக்குப் போவார்கள். பொழுது சாயத் திரும்புவார்கள். கூலி கேரளத்தில், குடும்பம் இங்கே. சம்பளம் ஓரிடம், வீடு ஓரிடம் என்பது எங்கள் ஊருக்குப் புதிதல்ல.

போடியை அடுத்த மலையடிவார ஊரான குரங்கணியில், டீக்கடையில் அக்கா மகன் சொன்னான்: "வலென்சியாவுக்குப் போயிரலாம்னு இருக்கேன் மாமா. ஸ்பெயின்ல கடற்கரை ஊரு. கம்பெனி பெங்களூர்ல இருக்கட்டும், லேப்டாப்பு போதும்ல." நல்ல ஆசைதான். ஆனால் அவன் நம்பியிருந்தவற்றில் பல சரியில்லை. அவனைப் போன்ற பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன்.

நம்பிக்கை: சுற்றுலா விசா போதும்.
உண்மை: போதாது. அங்கே சுற்றுலாவுக்குத் தரும் ஷெங்கன் விசாவில் எந்த 180 நாளிலும் 90 நாள்தான் தங்கலாம். அது ஊர் பார்க்கத் தருவது. அங்கே இருந்துகொண்டு வெளிநாட்டு நிறுவனத்துக்கு உழைப்பவர்களுக்கென ஸ்பெயின் 2022 டிசம்பரில் சட்டம் இயற்றித் தனி விசா கொண்டுவந்தது. அதற்குப் பட்டமோ மூன்றாண்டு அனுபவமோ வேண்டும். வருமானம் அந்நாட்டுக் குறைந்தபட்ச ஊதியத்தின் இரு மடங்காவது இருக்க வேண்டும். 2025 கணக்கில் மாதம் சுமார் 2,760 யூரோ. குடும்பமும் வந்தால் தொகை கூடும். நிறுவனத்தின் சம்மதம் எழுத்தில் வேண்டும்.

நம்பிக்கை: சம்பளம் இந்தியாவில் ஏறுவதால் அங்கே வரி கிடையாது.
உண்மை: ஓராண்டில் 183 நாளுக்கு மேல் தங்கினால் ஸ்பெயினின் வரிக்கணக்கில் நீங்கள் உள்ளூர்க்காரர். 1993இல் இரு நாடுகளும் போட்ட ஒப்பந்தம், ஒரே வருமானத்துக்கு இரண்டு முறை வரி கட்டாமல் காக்கும். வரியே இல்லாமல் ஆக்காது.

நம்பிக்கை: காலையில் கடலில் குளியல், பிறகு வேலை.
உண்மை: பெங்களூரில் காலை 9.30 என்றால் வலென்சியாவில் குளிர்காலத்தில் விடியற்காலை 5 மணி, கோடையில் 6. ஏலத்தோட்ட ஜீப்பைப் பிடிக்கிறவர்கள் போல இருட்டோடு எழ வேண்டும். நியூயார்க் நிறுவனம் என்றால் பிற்பகல் 3 மணிக்குத் தொடங்கி நள்ளிரவை நெருங்கித்தான் முடியும்.

நம்பிக்கை: நாம் செலவு செய்வது அந்த ஊருக்கு நல்லதுதான்.
உண்மை: கடைக்காரருக்கு நல்லது, வாடகை வீட்டில் இருப்பவருக்கு அல்ல. பார்சிலோனாவில் 2024 ஜூலையில் மக்கள் சுற்றுலா நெரிசலுக்கும் வீட்டு விலைக்கும் எதிராகத் தெருவில் இறங்கினார்கள். பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட சுற்றுலா வீடுகளின் உரிமத்தை 2028 நவம்பருக்குப் பிறகு நீட்டிப்பதில்லை என்று அந்த மாநகராட்சி அறிவித்தது. நாம் கூடுதலாகக் கொடுக்கும் வாடகை, அடுத்த வீட்டுக்காரரை ஊரைவிட்டே கிளப்பலாம்.

நம்பிக்கை: வெயில் நகரம், வருடமெல்லாம் இதம்.
உண்மை: மத்தியதரைக்கடல் ஓரம் கோடை வறண்டது, மழை இலையுதிர் காலத்தில் கொட்டும். 2024 அக்டோபர் 29 அன்று வலென்சியா மாகாணத்தில் வந்த வெள்ளம் 220க்கும் மேற்பட்டோரைக் கொண்டுபோனது. எங்களுக்கும் அந்த வலி தெரியும். 2018 மார்ச் 11 அன்று குரங்கணிச் சரிவில் காய்ந்த புல்லில் தீ பரவி, மலையேற வந்த இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அவர்களில் மென்பொருள் வேலை பார்த்த இளம் பிள்ளைகளும் உண்டு. ஐப்பசியில் பச்சையாக நிற்கும் அதே சரிவு மாசியில் சருகு. படத்தில் தெரிவது ஒரு மாதம். குடியிருப்பவருக்குப் பன்னிரண்டு மாதமும் தெரிய வேண்டும்.

போகாதே என்று நான் சொல்லவில்லை. ஏலக்காய் பறிக்கப் போகும் பெண்களைக் கேட்டுப் பார் மாப்ள. எந்த வளைவில் மண் சரியும், எந்த மாதம் வேலை குறையும், அந்தப் பக்கத்து மலையாளத்தில் எப்படிப் பேசுவது, எல்லாம் அவர்களுக்கு அத்துபடி. ஒரு நாள் கூலிக்கே மலையை அவ்வளவு படித்திருக்கிறார்கள். நீ குடியிருக்கப் போகிற ஊர். அந்த ஊர்ப் பேச்சையும் சட்டத்தையும் படித்துவிட்டுப் புறப்படு.