ரத்த குரூப் ஒண்ணா இருந்தா போதுமா?



ரத்த தானம் பற்றி நம் குழுக் கூட்டங்களில் நிறையப் பேசியிருக்கிறோம். இந்தப் பாடம் ஸ்டெம் செல் தானம் பற்றியது. ரத்தப் புற்றுநோய், தலசீமியா போன்ற நோய்களில் எலும்பு மஜ்ஜை நல்ல ரத்தத்தை உண்டாக்காது. இன்னொருவரின் ஸ்டெம் செல்லை ஏற்றினால் பிழைக்க வழியுண்டு.

இதற்கு ரத்த குரூப் பொருந்த வேண்டும் என்பதில்லை. ஹெச்.எல்.ஏ. என்ற திசு வகைதான் பொருந்தணும். அது நம் செல்களின் மேல் உள்ள அடையாளம். பொருந்தாவிட்டால், ஏற்றிய செல்களே நோயாளியின் தோல், குடல், ஈரலைத் தாக்கக்கூடும்.

இந்த அடையாளம் பாதி அப்பாவிடமிருந்தும் பாதி அம்மாவிடமிருந்தும் வருகிறது. அதனால் கூடப்பிறந்த ஒருவர் முழுசாகப் பொருந்த 4ல் 1 வாய்ப்புத்தான். நம் பக்கம் சொந்தத்தில் கட்டுவதால் சில குடும்பங்களில் அத்தை, மாமா பிள்ளைகளும் பொருந்துவதுண்டு. அதுக்காக சொந்தத்துலயே கட்டலாம்னு கிளம்பிடாதீங்க! தலசீமியா வரும் வாய்ப்பும் அதில் கூடுதல்.

வீட்டில் யாரும் பொருந்தாவிட்டால், முன்பின் தெரியாதவர்களைப் பதிவேட்டில் தேடுவார்கள். 2009ல் சென்னையில் தொடங்கிய தாத்ரி அப்படி ஒரு பதிவேடு. உலகப் பதிவேடுகளில் 4 கோடிப் பேருக்கு மேல் இருக்கிறார்கள். ஏ, பி, சி, டி.ஆர்.பி.1, டி.க்யூ.பி.1 என ஐந்து இடங்களில் இரண்டிரண்டாக, 10க்கு 10 பொருந்துகிறதா என்று பார்க்கிறார்கள். வெறும் 'ஏ 02' என்றால் போதாது. ஊரில் நாலு லட்சுமி இருந்தால் வீட்டுக்காரர் பேர், கதவு எண் கேட்கிறோமே, அதுபோல 02:01ஆ, 02:11ஆ என்று பார்க்கணும். இந்தப் பேர்களை உலக சுகாதார நிறுவனத்தின் குழு வைப்பதால் ஜெர்மனி லேபும் சென்னை லேபும் ஒரே பாஷை பேசுகின்றன.

18 முதல் 50 வயதுக்காரர் பதியலாம். கன்னத்தின் உள்பக்கம் பஞ்சுக்குச்சியால் தேய்ப்பார்கள், அவ்வளவுதான். பொருந்தினால் பெரும்பாலும் 5 நாள் ஊசி. அப்போது எலும்பு வலி, தலைவலி வரும், பிறகு சரியாகிவிடும். அதன்பின் சில மணி நேரம் கை நரம்பு வழியாக மெஷினில் எடுப்பார்கள். கர்ப்பமாக இருக்கும்போது கொடுக்க முடியாது.

முக்கியமான விஷயம் ஒன்று. ஏற்றுவதற்கு முன்பே நோயாளியின் மஜ்ஜையை மருந்தால் அழித்துவிடுவார்கள். அந்த நேரத்தில் "வீட்டுல வேண்டாங்கறாங்க" என்று நாம் பின்வாங்கினால் அந்த உயிர் நிற்காது. முடியாது என்று சொல்ல நமக்கு உரிமை உண்டு, ஆனா அதை முன்னாடியே சொல்லிடணும். ஆகவே குச்சியை வாயில் வைக்கும் முன் வீட்டுக்காரரிடமும் மாமியாரிடமும் பேசிவிடுங்கள். பதிந்த பிறகு போன் நம்பர் மாறினால் பதிவேட்டுக்குச் சொல்லிவிடுங்கள்.