தொண்டையும் இரைப்பையும்

உடம்பில் ஓரிடத்தில் நோவு தோன்றினால், அதன் காரணமும் அவ்விடத்திலேயே இருக்கும் என்று எண்ணுதல் மக்கள் இயல்பு. காலில் முள் தைத்தால் கால் நோகும். கண்ணில் தூசி விழுந்தால் கண் கலங்கும். ஆனால், எல்லா நோய்களும் இவ்வாறு தோன்றுவன அல்ல. தொண்டையில் காணும் துன்பத்திற்கு வயிற்றிலுள்ள இரைப்பை காரணமாதலும் உண்டு.

சிலருக்குக் காலையில் எழும்பொழுதே குரல் கம்மியிருக்கும். தொண்டையில் ஏதோ ஓர் உருண்டை நிற்பது போலத் தோன்றும், அது விழுங்கினாலும் இறங்காது, கனைத்தாலும் வெளிவராது. வறட்டிருமலும் இடையிடையே வந்து வருத்தும். சளி பிடித்ததென்று கருதி அவர்கள் மிளகுக் கஷாயம் குடிப்பர். வெந்நீரில் உப்பிட்டுக் கொப்பளிப்பர். நாட்கள் பல சென்றும் துன்பம் நீங்காது. இத்தகையோருள் ஒரு சாரார்க்கு, இரைப்பையில் ஊறும் அமிலம் மேலேறித் தொண்டையைத் தொடுதலே துன்பத்தின் வேராகும்.

இஃது எவ்வாறு நிகழ்கின்றது என்பதை அறிய, உணவு செல்லும் வழியை முதலில் அறிதல் வேண்டும். வாயில் மென்ற உணவு, தொண்டையைக் கடந்து உணவுக்குழலுள் புகுகின்றது. வளர்ந்தவர்க்கு அக்குழலின் நீளம் ஏறத்தாழ 25 சென்டிமீட்டர் ஆகும். அதன் மேல் முனையில் ஒன்றும், இரைப்பையோடு கூடும் கீழ் முனையில் ஒன்றுமாக இரண்டு சுருக்குத்தசைகள் வாயில் காவலர் போல் அமைந்துள்ளன. உணவு வரும்பொழுது அவை நெகிழ்ந்து வழிவிடும். உணவு சென்றபின் இறுகி மூடிக்கொள்ளும். உணவுக்குழலின் மேல் முனைக்கு முன்புறத்தே குரல்வளை இருக்கின்றது. நம் மூச்சு அதன் வழியே செல்கின்றது. பேச்சு அதில் பிறக்கின்றது. இவை இரண்டும் அடுத்தடுத்த வீடுகள். ஒரு வீட்டில் எழும் தீ மற்றொரு வீட்டையும் சுடுதல் வியப்பன்று.

இரைப்பையினுள் நிகழ்வதை மனிதன் தெளிவாகக் கண்டது ஒரு விபத்தினால் ஆகும். 1822-ஆம் ஆண்டு ஜூன் 6-ஆம் நாள், அமெரிக்காவில் மக்கினாக் என்னும் தீவில், அலெக்சிஸ் செயின்ட் மார்ட்டின் என்ற இளைஞனைத் தற்செயலாக வெடித்த துப்பாக்கி படுகாயப்படுத்தியது. வில்லியம் போமாண்ட் என்னும் படை மருத்துவர் அவனைப் பிழைக்கச் செய்தார். ஆயினும், புண் ஆறிய பின்னரும் இரைப்பையிலிருந்து வெளியே திறந்த துளை மூடவில்லை. 1825 முதல் 1833 வரை, போமாண்ட் உணவுத் துண்டுகளைப் பட்டு நூலில் கட்டி அத்துளை வழியே உள்ளே விட்டு, அவை கரையும் வகையை ஆராய்ந்தார். இரைப்பை நீரை வெளியே எடுத்து, உடற்சூட்டில் வைத்து, அதில் இறைச்சியை இட்டபொழுது, அங்கும் அது கரைந்தது! தாம் கண்டவற்றை 1833-இல் அவர் நூலாக வெளியிட்டார். ஏழைத் தொழிலாளியாகிய அவ்விளைஞன் அச்சோதனைகளில் பட்ட இன்னலை நாம் மறத்தல் கூடாது.

அந்நீரிலுள்ளது ஹைட்ரோகுளோரிக் அமிலம் என்பதை வில்லியம் பிரவுட் என்னும் ஆங்கில மருத்துவர் 1824-இல் வெளியிட்டிருந்தார். புரதத்தைச் சிதைக்கும் பெப்சின் என்ற பொருளை ஜெர்மானிய அறிஞர் தியோடர் ஷ்வான் 1836-இல் கண்டறிந்தார். இறைச்சியையும் கரைக்கும் இந்நீர் இரைப்பையைக் கரைக்காதிருப்பது ஏன்? இரைப்பையின் உட்சுவர் தடித்த சளிப்படலம் ஒன்றைத் தானே சுரந்து போர்த்திக்கொள்கின்றது. தொண்டைக்கும் குரல்வளைக்கும் அத்தகைய கவசம் இல்லை. ஆதலின், அங்கே சிறிதளவு அமிலமும் பெப்சினும் பட்டாலும் தீங்கு விளையக்கூடும்.

குரல்வளையைக் காணும் வழியை 1854-இல் வகுத்தவர் மானுவேல் கார்சியா என்னும் இசையாசிரியர் ஆவார். அவர் நீண்ட காம்புள்ள சிறு கண்ணாடி ஒன்றைத் தம் தொண்டையுள் வைத்து, கைக்கண்ணாடியால் கதிரொளியை அதன்மேல் வீழ்த்தி, தம் குரல் நாண்கள் அசைவதைத் தாமே கண்டார். இன்று மருத்துவர் மெல்லிய குழலின் நுனியிலுள்ள கருவி கொண்டு அவ்விடத்தைக் காண்கின்றனர். 1991-இல் அமெரிக்காவில் வெளிவந்த ஆராய்ச்சி ஒன்று, தொண்டைத் துன்பமுடைய 225 நோயாளிகளைப் பற்றியது. அமிலம் மேலேறியவருள் பலருக்கு நெஞ்செரிச்சலே இல்லை என்பதை அது காட்டிற்று. நெஞ்சு எரியாமையால் இரைப்பையின்மேல் எவர்க்கும் ஐயம் எழுவதில்லை.

அதற்காகத் தொண்டைத் துன்பம் அனைத்திற்கும் அமிலமே காரணம் என்று துணிதலும் பிழையாகும். ஒவ்வாமை, தொற்று, உரக்கப் பேசுதல், புகைபிடித்தல் முதலியனவும் அதனை விளைவிக்கும். நெடுநாள் தொண்டைத் தொல்லை உடையோர்க்கு, அமிலத்தைக் குறைக்கும் மருந்து, மருந்தற்ற வெறும் மாத்திரையினும் மிகுந்த பயன் தரவில்லை என்று 2021-இல் பிரிட்டனில் வெளிவந்த ஆய்வு ஒன்று கூறுகின்றது. அம்மருந்து அமிலத்தைக் குறைக்குமேயன்றி, நெகிழ்ந்த சுருக்குத்தசையை இறுக்கி மூடுவதில்லை. ஆதலின், பிறர் சொற்கேட்டுத் தாமே மாத்திரை வாங்கி விழுங்குதல் அறிவுடைமை ஆகாது.

நாம் செய்யத்தக்கன எளியன. வயிறு புடைக்க உண்ணலாகாது. உண்டவுடன் படுத்தால், இரைப்பை நீர் மேலேறுதல் எளிதாகும். உறக்கத்தில் உமிழ்நீர் ஊறுதலும் விழுங்குதலும் குறைதலின், ஏறிய அமிலம் நெடுநேரம் அங்கேயே தங்கும். ஆகவே, இரவு உணவுக்கும் உறக்கத்திற்கும் இடையே 2 அல்லது 3 மணி நேரம் இருத்தல் நன்று. எதுக்களிக்கும் இயல்புடையோர் கட்டிலின் தலைப்பக்கக் கால்களுக்கு அடியில் கட்டைகளை வைத்து, 15 முதல் 20 சென்டிமீட்டர் உயர்த்தலாம். இடப்புறமாகச் சாய்ந்து படுக்கலாம். இடுப்பை இறுக்கும் உடையும், எண்ணெய் மிகுந்த உணவும், புகையும், மதுவும் தீமையை வளர்க்கும்.

குரல் கம்மல் மூன்று வாரங்களுக்கு மேல் நீடித்தாலும், உணவு விழுங்குதல் அரிதானாலும், உமிழ்நீரில் குருதி தோன்றினாலும், உடல் காரணமின்றி மெலிந்தாலும், காலம் தாழ்த்தாது மருத்துவரை நாடல் வேண்டும். அவை கொடிய நோயின் அறிகுறிகளாகவும் இருத்தல் கூடும்.

திருக்குறளில் ‘மருந்து’ என்னும் 95-ஆம் அதிகாரம், மருந்துகளின் பெயரைக் கூறாமல், உண்ணும் முறையையே பெரிதும் பேசுகின்றது. நம் முன்னோர் கண்ட அவ்வுண்மையை இன்றைய மருத்துவமும் உடன்படுகின்றது. துன்பம் தோன்றும் இடத்தை மட்டும் நோக்காது, அது பிறக்கும் இடத்தையும் தேடி அறிதல் வேண்டும். தொண்டையின் துயர்க்கு இரைப்பையையும், இரைப்பையின் துயர்க்கு நம் உணவுப் பழக்கத்தையும் ஆராய்ந்து பார்ப்போமாக.