மலைநாட்டில் பழைய மோட்டார் சைக்கிளைப் புதுப்பிப்போருக்கு

1948 முதல் 1971 வரை உற்பத்தியான பி.எஸ்.ஏ. பாண்டம் போன்ற பழைய வண்டியை வீட்டிலேயே சீர்செய்ய முனைவோர், முதல் திருகைக் கழற்றுமுன் அதன் சட்டக இலக்கமும் இயந்திர இலக்கமும் பதிவுச் சான்றிதழுடன் பொருந்துகின்றனவா என்று பார்த்துக்கொள்வது அவசியம்.

மலைநாட்டின் ஈரத்தால் பெட்ரோல் தாங்கியின் உட்புறம் துருவேறியிருப்பின், வினாகிரியை நிரப்பி ஒரு நாள் ஊறவிட்டு, அப்பச்சோடா கரைத்த நீரால் அலசி, உடனே முழுமையாக உலர்த்த வேண்டும்.

பலரும் கவனியாதுவிடுவது உயரத்தின் விளைவையே. ஏறத்தாழ 1,868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தைவிட ஏறக்குறைய ஆறிலொரு பங்கு குறைவாதலால், காற்றையும் பெட்ரோலையும் கலந்து இயந்திரத்துக்கு அனுப்பும் காபுரேற்றரில் பெட்ரோலின் விகிதம் மிகுந்து, ஸ்பார்க் பிளக்கில் கரி படிகிறது. பெட்ரோலை அளந்துவிடும் சிறு துளையுள்ள பித்தளைத் துண்டான பிரதான ஜெட்டை ஓரளவு சிறியதாக மாற்றினால் பிளக்கின் முனை இளம்பழுப்பாகும். ஆனால் கொழும்புக்கு இறங்குமுன் பழைய ஜெட்டையே மீண்டும் பொருத்தாவிடில் இயந்திரம் மிகையாகச் சூடேறிப் பழுதடையலாம்.

உதிரிப்பாகங்களுக்குக் கொழும்புப் பஞ்சிகாவத்தைக் கடைகளை நாடுமுன், ஹற்றன், தலவாக்கலைப் பகுதிகளில் இத்தகைய வண்டி வைத்திருப்போரை விசாரிப்பது நல்லது. பொருள் கிடைக்காவிடினும், வேலை பாதியில் நின்று மனம் சோரும்போது அவர்களுடைய ஊக்கமே பெருந்துணையாகும்.

பிரேக் லைனிங்கையும் கேபிளையும் புதிதாக மாற்றாமல், நானுஓயா–ரதெல்ல இறக்கத்தில் எவரும் வண்டியை ஓட்டிப்பார்க்க வேண்டாம்.